ஈசிஜி கோளாறும் மூளையும்: பெரியவங்க இருக்கிற வீட்ல அடிக்கடி கேக்குற கேள்விகள்

பெரியவங்களுக்கு ஈசிஜி எடுத்தா மெஷினே மேல நாலு வரி பிரிண்ட் பண்ணித் தள்ளிடும். "லெஃப்ட் ஏட்ரியல் அப்நார்மாலிட்டி", "ஃபர்ஸ்ட் டிகிரி பிளாக்"னு என்னென்னமோ இருக்கும். அதை எடுத்து நெட்ல தேடினா கொஞ்ச நேரத்துல டிமென்ஷியால, அதாவது ஞாபகமும் யோசிக்கிற திறனும் குறையற நோய்ல, கொண்டுபோய் விட்டுடும், அன்னிக்கு ராத்திரி வீட்ல யாருக்கும் தூக்கம் கிடையாது. இதயத்தோட கரண்ட் கோளாறுக்கும் மூளைக்கும் தொடர்பு இருக்கிறது நிஜம்தான், ஆனா எல்லாக் கோளாறுக்கும் ஒரே கனம் கிடையாது. ஒண்ணு ரெண்டு உடனே கவனிக்க வேண்டியது, நிறைய விஷயம் குறிச்சு வெச்சுக்கிட்டு பிபியைப் பாத்துக்க வேண்டியது, அவ்ளோதான். எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத்தான் இந்தக் கேள்வி பதில்.

இதயத்துல கரண்டா? அதுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

இதயத்தோட மேல் அறையில சைனஸ் நோடுன்னு ஒரு சின்ன இடம் இருக்கு, ஒவ்வொரு துடிப்புக்கும் சிக்னல் அங்கேருந்துதான் கிளம்பும். அது மேல் அறைகள் முழுக்க பரவி, நடுவுல இருக்கிற ஏவி நோடுல ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு நேரம் நின்னு, அப்புறம் ரெண்டு கிளையா கீழ் அறைகளுக்குப் போகும். ஈசிஜி பேப்பர்ல தெரியற கோடெல்லாம் இந்தப் பயணம்தான்.

மூளை நம்ம எடையில ரெண்டு சதவீதம்தான், ஆனா இதயம் அனுப்புற ரத்தத்துல சுமார் 15 சதவீதம் அதுக்குப் போகுது, உடம்பு செலவழிக்கிற ஆக்ஸிஜன்ல 20 சதவீதம் அதுவே எடுத்துக்குது. சேமிச்சு வெச்சுக்கிற வசதி அதுக்குக் கிடையாது, ரத்த ஓட்டம் நின்னா பத்து நொடிக்குள்ள நினைவு தப்பிடும். அதனால துடிப்பு கெட்டா மூளைக்கு ரெண்டு வழியில ஆபத்து வரும். ஒண்ணு, போற ரத்தம் குறையறது. இன்னொண்ணு, இதயத்துக்குள்ள ரத்தம் கட்டியாகி அது கிளம்பி மூளை ரத்தக்குழாய்ல போய் அடைச்சுக்கறது. ரெண்டாவது வழிதான் பெரிய வழி.

வயசானா இந்தக் கரண்ட் ஏன் கெடுது?

சைனஸ் நோடுல இருக்கிற செல்லுங்க வருஷம் போகப் போக குறையும், அந்த இடத்துல நார்த்திசு வந்து உக்காந்துக்கும். பல வருஷமா பிபி இருந்தா இடது மேல் அறை கொஞ்சம் கொஞ்சமா பெருசாகும், சுவர்ல தழும்பு மாதிரி திசு படியும், அப்ப சிக்னல் நேரா போகாம அங்கங்க சுத்த ஆரம்பிக்கும். சுகர், உடல் எடை, தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற பிரச்சினை, தைராய்டு அதிகமா சுரக்கறது, வால்வு கோளாறு எல்லாம் இதுக்குத் தோதா நிக்கும். இதே லிஸ்ட்ல பாதிக்கு மேல மூளையோட சின்ன ரத்தக்குழாய்களையும் கெடுக்கற லிஸ்ட்தான், இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழ அடிக்கடி வரும்.

ஏஎஃப், ஏஎஃப்னு சொல்றாங்களே, அது என்ன?

ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன். மேல் அறைகள் ஒழுங்கா சுருங்காம நிமிஷத்துக்கு 350லேருந்து 600 தடவை வரைக்கும் கன்னாபின்னான்னு நடுங்கும். அந்த சிக்னல்ல சிலதுதான் கீழ இறங்கும், அதுவும் எந்த ஒழுங்கும் இல்லாம, அதனாலதான் பல்ஸ் பிடிச்சுப் பாத்தா தாளம் தப்பித் தப்பி வரும். சிலருக்குப் படபடப்பு, மூச்சு வாங்கறது, அசதி இருக்கும். பல பேருக்கு ஒண்ணுமே தெரியாது, வேற எதுக்கோ ஈசிஜி எடுக்கும்போது மாட்டும்.

மேல் அறை சுருங்கலன்னா ரத்தம் தேங்கும், தேங்கின ரத்தம் உறையும். இடது மேல் அறையில பை மாதிரி ஒரு சின்ன ஒதுக்கு இருக்கு, வால்வு நோய் இல்லாத ஏஎஃப்ல பத்துக்கு ஒன்பது கட்டி அங்கதான் உருவாகுது. அங்கேருந்து கிளம்பினா நேரா மேல மூளைக்குப் போற வழி. ஏஎஃப் இருந்தா ஸ்ட்ரோக் வாய்ப்பு சுமார் அஞ்சு மடங்குன்னு அமெரிக்காவோட ஃப்ரேமிங்ஹாம் ஆய்வு 1991லயே சொல்லிடுச்சு. அதே ஆய்வுல 50லேருந்து 59 வயசு ஆளுங்களுக்கு வர்ற ஸ்ட்ரோக்ல 1.5 சதவீதத்துக்குத்தான் ஏஎஃப் காரணம், 80லேருந்து 89 வயசுக்குப் போனா அது 23.5 சதவீதம். போதாததுக்கு இந்தக் கட்டி பெரிய குழாயை அடைக்கிறதால ஸ்ட்ரோக்கும் பெருசா வரும்.

அம்மாவுக்கு ஏஎஃப் இருக்கு, ஆனா ஸ்ட்ரோக் எதுவும் வரல. அப்பவும் ஞாபகசக்தி குறையுமா?

குறையற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், ஆமா. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த 2013 கணக்குப்படி ஏஎஃப் உள்ளவங்களுக்கு மூளைத்திறன் குறையறது இல்ல டிமென்ஷியா வர்றது மத்தவங்களை விட சுமார் 40 சதவீதம் அதிகம், ஸ்ட்ரோக் வந்தவங்களைக் கணக்குலேருந்து எடுத்துட்டாலும் 30 சதவீதத்துக்கு மேல நிக்குது. இந்த 40 சதவீதத்தைப் பாத்து நூறுல நாப்பது பேருக்கு வரும்னு படிச்சுடாதீங்க. ஒரு வயசுல சாதாரணமா நூறு பேர்ல பத்து பேருக்கு வரும்னு வெச்சுக்கிட்டா இங்க பதினாலு பேருக்கு வரலாம், அவ்ளோதான் அர்த்தம்.

ஸ்ட்ரோக் இல்லாம எப்படின்னு கேட்டா, "ஸ்ட்ரோக் வரல"ங்கறதே பல சமயம் நமக்குத் தெரியலங்கறதுதான். சுவிட்சர்லாந்துல ஏஎஃப் உள்ள 1,700க்கு மேற்பட்டவங்களுக்கு மூளை எம்ஆர்ஐ எடுத்துப் பாத்தாங்க, 2019ல வெளியாச்சு. அஞ்சுல ஒருத்தருக்கு மேல ரத்தம் போகாம செத்துப்போன ஓரளவு பெரிய பகுதி மூளையில இருந்துச்சு, அதுல கணிசமானவங்களுக்கு ஸ்ட்ரோக் வந்ததாவே வரலாறு கிடையாது. கை கால் இழுக்கல, வாய் கோணல, யாருக்கும் தெரியல, ஆனா மூளையில ஒரு இடம் போயிருக்கு. அப்படி இருந்தவங்க ஞாபகம், கவனம் பாக்கற டெஸ்ட்லயும் கொஞ்சம் குறைவாத்தான் எடுத்தாங்க.

இது தவிர வேற காரணமும் பேசறாங்க. மேல் அறை கடைசியா ஒரு தள்ளு தள்ளி கீழ் அறையை நிரப்பும், ஏஎஃப்ல அது போயிடும், வயசானவங்களுக்கு இதயம் அனுப்புற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு வரைக்கும் அதனால குறையலாம். துடிப்புக்குத் துடிப்பு அழுத்தம் ஏறி இறங்கறது மூளையோட சின்னக் குழாய்களுக்கு ஆகாது. உடம்புல இருக்கிற அழற்சி வேற. இதுல எது எவ்ளோ பங்குன்னு யாராவது அடிச்சுச் சொன்னா நம்பாதீங்க, ஏன்னா பிபியும் சுகரும் ரெண்டு பக்கமும் வேலை பாக்குது, பிரிச்செடுக்கறது சுலபமில்ல. இன்னொரு விஷயம், நெதர்லாந்தோட ராட்டர்டாம் ஆய்வுல இந்தத் தொடர்பு கொஞ்சம் சின்ன வயசுக்காரங்ககிட்டதான் பலமா தெரிஞ்சுது, ஏஎஃப் ரொம்ப வருஷம் இருந்தவங்களுக்கும்தான். அதனால 60 வயசுல ஏஎஃப் வந்தா "இன்னும் வயசு இருக்கே"ன்னு தள்ளிப்போட வேண்டாம்.

அப்ப பிளட் தின்னர் போட்டா டிமென்ஷியா வராதா?

பிளட் தின்னர்ங்கறது ரத்தம் கட்டியாகாம தடுக்கிற மருந்து. இந்தக் கேள்விக்கு ஆமான்னு பதில் சொல்லணும்னு எனக்கும் ஆசைதான். ஸ்வீடன்ல ஏஎஃப் உள்ள நாலு லட்சத்து நாப்பதாயிரம் பேரோட பதிவுகளைப் பாத்து 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஆரம்பத்துலயே பிளட் தின்னர் எடுத்தவங்களுக்கு டிமென்ஷியா 29 சதவீதம் குறைவு. எல்லாரும் கொண்டாடினாங்க. ஆனா இது யாரு மாத்திரை எடுத்தாங்க, யாரு எடுக்கலன்னு பாத்த கணக்கு. ஏற்கனவே மறதி தொடங்கினவங்களுக்கு, ரொம்ப தளர்ந்தவங்களுக்கு டாக்டருங்களே பிளட் தின்னர் எழுதத் தயங்குவாங்க, அப்ப எடுக்காத கூட்டத்துல ஏற்கனவே நலிஞ்சவங்கதான் அதிகம் இருப்பாங்க.

குலுக்கல் முறையில பிரிச்சு டெஸ்ட் பண்ணினது கனடாவுல நடந்த பிரெயின்-ஏஎஃப், 2024 நவம்பர்ல முடிவைச் சொன்னாங்க. ஸ்ட்ரோக் வாய்ப்பு கம்மியா இருந்த, சராசரியா 53 வயசு ஆளுங்களுக்கு ஒரு பக்கம் ரிவராக்ஸபான்ங்கற பிளட் தின்னர், இன்னொரு பக்கம் வெறும் மாத்திரை. மூளைத்திறன் குறையறதுல ரெண்டு பக்கமும் வித்தியாசமே இல்ல. அதனால பிளட் தின்னரை டிமென்ஷியா மருந்தா நினைக்காதீங்க. ஸ்ட்ரோக்கைத் தடுக்கத்தான் அது, அந்த வேலையை அது பிரமாதமா செய்யுது, மூணுல ரெண்டு ஸ்ட்ரோக்கைத் தடுக்கும். ஒரு பெரிய ஸ்ட்ரோக் தள்ளிப்போனா மூளைக்கு அதைவிட பெரிய நன்மை எதுவும் இல்லையே.

யாருக்குப் போடணும்கறதுக்கு ஒரு ஸ்கோர் இருக்கு. ஹார்ட் ஃபெயிலியர், பிபி, சுகர், ஏற்கனவே ஸ்ட்ரோக், ரத்தக்குழாய் நோய், வயசு இதெல்லாம் கூட்டுவாங்க, 65 ஆனா ஒரு பாயின்ட், 75 ஆனா ரெண்டு. அதாவது 75 தாண்டிட்டா வேற எதுவும் இல்லன்னாலும் பெரும்பாலும் பிளட் தின்னர் பேச்சு வந்துடும்.

அப்பாவுக்கு 82 வயசு, அடிக்கடி தடுமாறி விழுந்துடறார். பிளட் தின்னரை நிறுத்திட்டு ஆஸ்பிரின் போதுமா?

எல்லா வீட்லயும் வர்ற கேள்வி இது, பயம் நியாயமானது, ஆனா முடிவு பெரும்பாலும் தப்பான பக்கம் போகுது. 75 வயசுக்கு மேற்பட்ட ஏஎஃப் ஆளுங்களை வெச்சே பிரிட்டன்ல பாஃப்டான்னு ஒரு ஆய்வு பண்ணி 2007ல வெளியிட்டாங்க. வார்ஃபரின்ங்கற பழைய பிளட் தின்னர் எடுத்தவங்களுக்கு ஆஸ்பிரின் எடுத்தவங்களை விட ஸ்ட்ரோக் பாதிக்குப் பாதி, பெரிய ரத்தக்கசிவு ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆஸ்பிரின் பாதுகாப்பானதுங்கறது நம்ம மனசுல இருக்கிற நினைப்பு, அது கட்டியையும் சரியா தடுக்காது, ரத்தக்கசிவையும் குறைக்காது. விழறதைப் பத்தி 1999ல ஒரு கணக்கு போட்டாங்க, விழறதால மூளையில ரத்தம் கசியற ஆபத்து வார்ஃபரின் தர்ற நன்மையைத் தாண்டணும்னா ஒருத்தர் வருஷத்துக்கு 295 தடவை விழணும்னு வந்துச்சு. கணக்கு கணக்குதான், அதுக்காக விழறதை விட்டுடக் கூடாது. ஏன் விழறார்னு பாக்கணும். பிபி மாத்திரை அதிகமா, எழுந்தா தலை சுத்துதா, பல்ஸ் நடுவுல நின்னு போகுதா, கண்ணு தெரியலையா?

நிஜமாவே போடக் கூடாதவங்களும் இருக்காங்க. மூளையில ரத்தம் கசிஞ்சவங்க, குடல்ல கசிவு நிக்காதவங்க, அது டாக்டரோட உக்காந்து பேசற விஷயம். அப்புறம், பல வருஷமா வார்ஃபரின்ல நல்லபடியா இருக்கிற தளர்ந்த பெரியவங்களை "புது மாத்திரை வந்திருக்கு"ன்னு மாத்தினா ரத்தக்கசிவு கூடுதுன்னு நெதர்லாந்து ஆய்வு ஒண்ணு 2023ல காட்டுச்சு. ஓடிட்டிருக்கிறதை சும்மா நோண்ட வேண்டாம். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு அபிக்ஸபான், டாபிகாட்ரான் மாதிரி புது வகைதான் வசதி, ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு அடிக்கடி பாக்கற ஐஎன்ஆர் டெஸ்ட் தொல்லை இல்ல. ஆனா ருமேட்டிக் காய்ச்சலால மைட்ரல் வால்வு நல்லா சுருங்கினவங்களுக்கும் உலோக வால்வு வெச்சவங்களுக்கும் இன்னிக்கும் வார்ஃபரின்தான்.

ஷாக் குடுத்தோ அப்ளேஷன் பண்ணியோ தாளத்தைச் சரி பண்ணிட்டா மூளை தப்பிச்சுடுமா?

அப்ளேஷன்ங்கறது இதயத்துக்குள்ள கம்பி விட்டு, தாளத்தைக் கெடுக்கற இடத்தைச் செயலிழக்க வெக்கறது. சீக்கிரமே தாளத்தைச் சரி பண்ண முயற்சி பண்றது நல்லதுன்னு 2020ல ஈஸ்ட்-ஏஎஃப்நெட் 4 ஆய்வு காட்டுச்சு. இதய நோயால சாவு, ஸ்ட்ரோக், ஹார்ட் ஃபெயிலியர் எல்லாம் சேர்த்துப் பாத்தா குறைவு. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு ஞாபக டெஸ்ட் எடுத்தப்ப ரெண்டு குழுவும் சமம். ரெண்டு வருஷம் அதுக்குப் போதாதுன்னு வாதம் பண்ணலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன், ஆனா இப்போதைக்கு "ஞாபகத்துக்காக அப்ளேஷன்"னு யாராவது சொன்னா அதுக்கு ஆதாரம் போதாது. மூச்சு வாங்குது, படபடப்பு தாங்கலன்னா அது வேற கதை, அதுக்குப் பண்ணிக்கலாம். தாளம் சரியாயிடுச்சுன்னு பிளட் தின்னரை நீங்களா நிறுத்தறதுதான் ஆபத்து, ஸ்கோர் அதிகமா இருந்தா தாளம் எப்படி இருந்தாலும் மாத்திரை தொடரும்.

ஏஎஃப் இல்ல, ஆனா ரிப்போர்ட்ல "லெஃப்ட் ஏட்ரியல் அப்நார்மாலிட்டி"ன்னு இருக்கு. பயப்படணுமா?

ஈசிஜில பி அலைங்கறது மேல் அறையோட கோடு. வி1ங்கற லீட்ல (நெஞ்சுல ஒட்டற ஒரு இடத்துலேருந்து வர்ற கோடு) அந்த அலையோட பின்பாதி ஆழமா கீழ இறங்கினா இடது மேல் அறை பெருசாகியிருக்கு இல்ல சுவர் கெட்டிருக்குன்னு மெஷின் சொல்லும். ஏஎஃப் வர்றதுக்கு முன்னாடியே மேல் அறை கெட்டுப்போய் கட்டி உருவாக்கலாம், ஏஎஃப் அதோட ஒரு வெளி அடையாளம் மட்டும்தான்னு ஒரு பார்வை இருக்கு, எனக்கும் அது சரின்னுதான் படுது. அமெரிக்காவுல 1987ல ஆரம்பிச்சு இன்னும் போயிட்டிருக்கிற ஆரிக்ங்கற பெரிய ஆய்வுல, இந்தப் பி அலை கோளாறு இருந்தவங்களுக்கு ஏஎஃபையும் ஸ்ட்ரோக்கையும் கணக்குல எடுத்துக்கிட்ட பிறகும் டிமென்ஷியா கொஞ்சம் அதிகமாத்தான் வந்துச்சு. இதயத்தோட ஸ்கேனான எக்கோவுல இடது மேல் அறை சரியா வேலை செய்யாதவங்களுக்கும் அப்படியே.

சரி, அப்ப அவங்களுக்கும் பிளட் தின்னர் குடுத்தா? அதையும் பாத்துட்டாங்க. காரணம் தெரியாத ஸ்ட்ரோக் வந்து, மேல் அறை கெட்டிருந்து, ஏஎஃப் இல்லாதவங்களுக்கு அபிக்ஸபானா ஆஸ்பிரினான்னு ஆர்கேடியா ஆய்வு, 2024ல வெளியாச்சு. மறுபடி ஸ்ட்ரோக் வந்தது ரெண்டு பக்கமும் வருஷத்துக்கு 4.4 சதவீதம், புள்ளி கூட மாறல. அதனால அந்த ஒரு வரியை வெச்சுக்கிட்டு மாத்திரை கேக்கப் போகாதீங்க. பிபி கட்டுக்குள்ள இருக்கான்னு பாருங்க, ஒரு எக்கோ எடுக்கணுமான்னு கேளுங்க, பல்ஸை அப்பப்ப பாருங்க.

பிஆர் நீளம், பண்டில் பிராஞ்ச் பிளாக், கியூடி நீளம், இதெல்லாம்?

வேகமா சொல்லிடறேன். பிஆர்ங்கறது சிக்னல் மேல் அறையிலேருந்து கீழ் அறைக்குப் போற நேரம், அது 200 மில்லிசெகண்டுக்கு மேல போனா ஃபர்ஸ்ட் டிகிரி பிளாக், வயசானவங்ககிட்ட சர்வ சாதாரணம், தனியா இருந்தா மூளைக்கு எதுவும் பண்ணிடாது. பின்னாடி ஏஎஃப் வர வாய்ப்பு கொஞ்சம் கூடும், அவ்ளோதான். பண்டில் பிளாக்னா கீழ் அறைக்குப் போற ரெண்டு கிளையில ஒண்ணு சிக்னலைச் சரியா கடத்தலன்னு அர்த்தம். ரைட் பண்டில் பிளாக் பல பேருக்கு பிரச்சினையே இல்ல. லெஃப்ட் பண்டில் பிளாக் புதுசா வந்தா எக்கோ பாக்கணும், இதயத்தசை பலவீனமா இருக்கலாம், அப்படி இருந்தா மூளைக்குப் போற ரத்தமும் குறையும். கியூடிங்கறது கீழ் அறை சிக்னல் வாங்கி மறுபடி தயாராகற நேரம், அது மட்டும் தனி, மருந்து சம்பந்தப்பட்டது, கீழ சொல்றேன்.

பாட்டிக்கு பல்ஸ் 38 காட்டுது, ரெண்டு தடவை மயங்கி விழுந்துட்டாங்க, பேச்சும் மந்தமா இருக்கு. பேஸ்மேக்கர் வெச்சா தெளிவாயிடுவாங்களா?

துடிப்பு ரொம்ப மெதுவானதாலயோ நடுவுல சில நொடி நின்னு போனதாலயோதான் மயக்கம்னா பேஸ்மேக்கர் அதை நிறுத்தும், அதுல சந்தேகமே இல்ல. பல பேருக்கு அசதி, மந்தம், தலை கிறுகிறுப்பு எல்லாம் நல்லா குறையும், வீட்ல இருக்கிறவங்களே "ஆளே மாறிட்டாங்க"ன்னு சொல்றது உண்டு. ஆனா அல்ஸைமரால வந்த மறதியை பேஸ்மேக்கர் திருப்பித் தராது. ரெண்டும் கலந்து இருந்தா முன்னாடியே டாக்டர்கிட்ட எதை எதிர்பாக்கலாம்னு கேட்டுடுங்க, அப்புறம் ஏமாத்தம் இருக்காது. 38ன்னா இதைப் படிச்சிட்டு உக்காந்திருக்காம இன்னிக்கே கூட்டிட்டுப் போங்க.

போறதுக்கு முன்னாடி அவங்க சாப்பிடற மாத்திரை எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துக்கோங்க, அடுத்த பதிலைப் படிச்சா ஏன்னு புரியும்.

மறதிக்குக் குடுக்கிற மாத்திரையே இதயத்தை மெதுவாக்குமாமே?

ஆமா. இந்தப் பக்கத்துல ஒண்ணே ஒண்ணு மட்டும் படிக்க நேரம் இருந்தா இதைப் படிங்க. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின், கேலன்டமின் இந்த மூணும் மூளையில அசிடைல்கோலின்ங்கற பொருளைக் கூட்டி வேலை செய்யுது. அதே பொருள்தான் வேகஸ் நரம்பு வழியா இதயத்துக்கு "மெதுவா போ"ன்னு சொல்றது. அதனால சிலருக்குத் துடிப்பு 40க்குக் கீழ இறங்கும், ஏவி நோடுல பிளாக் வரும், மயங்கி விழுவாங்க. கனடாவோட ஒண்டாரியோ மாகாணத்துல டிமென்ஷியா உள்ள பெரியவங்களைப் பாத்து 2009ல வந்த ஆய்வுல, இந்த மருந்து எடுத்தவங்களுக்கு மயங்கி விழுந்து ஆஸ்பத்திரி போறது, இடுப்பு எலும்பு முறியறது, பேஸ்மேக்கர் வெக்கறது மூணுமே அதிகம்.

அந்தக் கடைசி விஷயத்தை கவனிங்க. மாத்திரையால துடிப்பு குறைஞ்சு, அது தெரியாம பேஸ்மேக்கர் வெச்சவங்க அதுல இருக்கலாம். ஏன்னா மறதி மாத்திரை எழுதறது ஒரு டாக்டர், இதயம் பாக்கறது இன்னொரு டாக்டர், ஒருத்தர் சீட்டை இன்னொருத்தர் பாக்கறதே இல்ல. ஏற்கனவே மெட்டோப்ரோலால் மாதிரி பீட்டா பிளாக்கர், டில்டியாஸெம், டிகாக்ஸின், கண்ணுல விடற டிமோலால் சொட்டு மருந்து இதுல ஏதாவது இருந்தா ஆபத்து இன்னும் கூடும். கண் சொட்டு மருந்தை யாரும் மருந்துன்னே கணக்குல சேக்கறதில்ல, அது உடம்புக்குள்ள போய் பல்ஸை இறக்கும்.

அதுக்காக மாத்திரையை நிறுத்தச் சொல்லல. ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஈசிஜி, பல்ஸ் எண்ணிக்கை, டோஸ் கூட்டும்போது மறுபடி ஒரு தடவை, இவ்ளோதான் கேக்கணும். துடிப்பு ஏற்கனவே மெதுவா இருந்தா மெமன்டின்னு வேற வகை இருக்கு, பொருந்துமான்னு டாக்டர் பாப்பாங்க.

கியூடி விஷயமும் இங்கதான் வருது. டிமென்ஷியா உள்ளவங்க ராத்திரி கத்தறாங்க, அலையறாங்கன்னு ஹாலோபெரிடால், குவெட்டியாபின் மாதிரி மருந்து குடுப்பாங்க, மனச்சோர்வுக்கு சிட்டலோபிராம் குடுப்பாங்க, நடுவுல சளிக்கு அஸித்ரோமைசின் சேரும். இதெல்லாமே கியூடியை நீட்டக்கூடியது. சிட்டலோபிராம் 60 வயசுக்கு மேல ஒரு நாளைக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதுன்னு அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டுத் துறை 2012லயே சொல்லியிருக்கு. கியூடி 500 மில்லிசெகண்டைத் தாண்டினா அபாயகரமான துடிப்பு வந்து திடீர்னு சாய்ஞ்சுடலாம். வாந்தி பேதியாகி பொட்டாசியம் குறைஞ்சிருக்கிற நேரம்னா இன்னும் மோசம்.

நேத்து வரைக்கும் நல்லா இருந்தவர் இன்னிக்கு உளர்றார். டிமென்ஷியா ஆரம்பிச்சுடுச்சா?

டிமென்ஷியா ஒரே ராத்திரியில வராது. மணிக்கணக்குல, நாள் கணக்குல மாறினா அது டெலிரியம், அதுக்குன்னு ஒரு காரணம் இருக்கும், பெரும்பாலும் சரி பண்ணலாம். சிறுநீர்த் தொற்று, நிமோனியா, சோடியம் குறையறது, புது மாத்திரை, மாரடைப்பு, வேகமா ஓடற ஏஎஃப், ரொம்ப மெதுவான துடிப்பு எல்லாமே வயசானவங்ககிட்ட உளறலா மட்டும் வெளிய தெரியலாம், நெஞ்சு வலியே இருக்காது. டிகாக்ஸின் எடுக்கறவங்க குழம்பி, சாப்பாடு பிடிக்காம, பாக்கறதெல்லாம் மஞ்சளா தெரியுதுன்னு சொன்னா மருந்து அளவு ஏறிடுச்சுன்னு சந்தேகப்படணும். கிட்னி வேலை குறையும்போது இப்படி ஆகும்.

மூளை பாதிச்சா இதயத்தோட கரண்ட் கெடுமா?

கெடும். மூளை உறைக்குக் கீழ ரத்தம் கசிஞ்சா ஈசிஜில கீழ் அறை ஓய்வுக்குத் திரும்பறதைக் காட்டற டி அலை தலைகீழா ஆழமா இறங்கும், கியூடி நீளும், பாத்தா மாரடைப்புன்னே நினைக்கத் தோணும். மூளையில இன்சுலான்னு ஒரு பகுதி இதயத்துடிப்பைக் கட்டுப்படுத்தறதுல பங்கு எடுக்குது, அங்க ஸ்ட்ரோக் வந்தா தாளம் தப்பலாம். அதனால ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் முதல் தடவையா ஏஎஃப் தெரிஞ்சா, அது முன்னாடியே இருந்ததா ஸ்ட்ரோக்கால வந்ததான்னு பிரிக்கறது கஷ்டம்.

ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் குடுத்தா போதுமா?

ஆப்பிள் வாட்சை வெச்சு நடந்த ஆய்வுல 4,19,297 பேர் சேர்ந்தாங்க, தாளம் தப்புதுன்னு அலெர்ட் வந்தது 0.52 சதவீதம் பேருக்குத்தான். அலெர்ட் வந்து நெஞ்சுல ஈசிஜி பதியற பேட்ச் ஒட்டி அனுப்பினவங்கள்ல 34 சதவீதம் பேருக்கு அப்புறமா ஏஎஃப் பிடிபட்டுச்சு. ஏஎஃப் வந்து வந்து போகும்கறதால பிடிபடலன்னா இல்லவே இல்லன்னும் சொல்ல முடியாது. வாட்ச் சொன்னதை வெச்சு மாத்திரை ஆரம்பிக்க மாட்டாங்க, ஈசிஜி கோடுல டாக்டர் பாத்து உறுதி பண்ணணும்.

தேடித்தேடி கண்டுபிடிச்சா நல்லதுதானேன்னு கேட்டா, முழுசா அப்படி இல்ல. டென்மார்க்ல லூப்ங்கற ஆய்வுல 70லேருந்து 90 வயசு ஆளுங்களுக்குத் தோலுக்கு அடியில மானிட்டர் வெச்சாங்க, மூணு மடங்கு ஏஎஃப் கண்டுபிடிச்சாங்க, மானிட்டர் வெச்சவங்கள்ல சுமார் 32 சதவீதம் பேருக்கு, வெக்காதவங்கள்ல 12 சதவீதம் பேருக்கு. ஆனா ஸ்ட்ரோக் குறைஞ்சதுன்னு உறுதியா சொல்ற அளவுக்கு வித்தியாசம் வரல. சில நிமிஷம் வந்து போற ஏஎஃபும் நாள் முழுக்க இருக்கிறதும் ஒண்ணு இல்லங்கறதுதான் அதுலேருந்து நான் எடுத்துக்கறது.

காசு செலவில்லாத வழி ஒண்ணு இருக்கு. பெருவிரலுக்குக் கீழ மணிக்கட்டுல ரெண்டு விரலை வெச்சு ஒரு முழு நிமிஷம் எண்ணுங்க, எண்ணிக்கையை விட தாளம் முக்கியம். நடுவுல ஒரு துடிப்பு தவறிட்டு மறுபடி ஒழுங்கா போனா பெரும்பாலும் எக்ஸ்ட்ரா பீட், பயப்பட ஒண்ணுமில்ல. எந்த ஒழுங்குமே பிடிபடலன்னா ஈசிஜி எடுங்க.

பேஸ்மேக்கர் இருக்கு, ஞாபகமறதிக்கு மூளை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்றாங்க. எடுக்கலாமா?

இப்ப வர்ற பேஸ்மேக்கர்ல பெரும்பாலானது எம்ஆர்ஐக்கு ஏத்த மாதிரிதான் வருது, எடுக்கறதுக்கு முன்னாடி மோடு மாத்தி, எடுத்தப்புறம் பழையபடி வெச்சுடுவாங்க. பேஸ்மேக்கர் வெச்சப்ப குடுத்த கார்டை எடுத்துட்டுப் போங்க. பழைய மாடலோ, உள்ள பயன்படாத வயர் இருந்தாலோ கார்டியாலஜிஸ்ட்டைக் கேட்டுட்டுதான்.

சரி, ரெண்டுக்கும் சேர்த்து நாங்க பண்ணக்கூடியது என்ன?

பிபி. சலிப்பான பதில்தான், ஆனா இதயத்தோட மேல் அறையையும் மூளையோட சின்னக் குழாய்களையும் ஒரே நேரத்துல காப்பாத்தறது அதுதான். மேல் பிபியை 140க்குப் பதிலா 120க்குக் கீழ வெக்க முயற்சி பண்ணின அமெரிக்காவோட ஸ்பிரின்ட் ஆய்வுல, டிமென்ஷியாவுக்கு முந்தின நிலையான லேசான மறதி 19 சதவீதம் குறைஞ்சதுன்னு 2019ல வந்துச்சு. எல்லா 80 வயசுக்காரருக்கும் 120 தாங்காது, எழுந்து நின்னா தலை சுத்தறவங்களுக்கு இலக்கு வேற.

ஏஎஃபும் அதிக எடையும் உள்ளவங்க எடையில பத்து சதவீதமாவது குறைச்சு அதைக் காப்பாத்தினா ஏஎஃப் இல்லாம இருக்கிற வாய்ப்பு ஆறு மடங்குன்னு ஆஸ்திரேலியாவுல லெகசி ஆய்வு காட்டுச்சு. மது நிறுத்தினவங்களுக்கு ஏஎஃப் திரும்பி வர்றது குறைஞ்சதும் அங்க நடந்த ஆய்வுதான், 2020. குறட்டை விட்டு நடுவுல மூச்சு நிக்குதுன்னா ஸ்லீப் டெஸ்ட் கேளுங்க, பகல் தூக்கம், மறதி, ஏஎஃப் மூணுக்கும் அது காரணமா இருக்கலாம். மறதி இருக்கிறவர்கிட்ட பிளட் தின்னரை "வேளாவேளைக்கு சாப்பிடுங்க"ன்னு சொல்லிட்டுப் போயிடாதீங்க, புது வகை மாத்திரையோட வேலை ஒரு நாள்ல இறங்கிடும், ஒரு வேளையை மறந்து ரெண்டா போட்டுக்கறதும் நடக்கும். நாள் போட்ட டப்பாவுல போட்டு யாராவது ஒருத்தர் கையால குடுங்க.

எப்ப ஒரு நிமிஷம் கூட தாமதிக்கக் கூடாது?

வாய் ஒரு பக்கம் கோணினா, ஒரு கையோ காலோ தளர்ந்தா, பேச்சு குழறினா, திடீர்னு பார்வை போனா. கட்டியைக் கரைக்கிற ஊசி நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும், பெரிய குழாய் அடைப்பைக் கம்பி விட்டு எடுக்கிறது சிலருக்கு 24 மணி நேரம் வரைக்கும் முடியும், ஆனா ஒவ்வொரு நிமிஷமும் மூளை போயிட்டிருக்கும். ரெண்டு நிமிஷத்துல சரியாயிட்டாலும் போயே ஆகணும், அடுத்தது பெருசா வரலாம். மயங்கி விழுந்தாலும், மூச்சு வாங்கலோட பல்ஸ் 150ல ஓடினாலும் அப்படியே. ஆஸ்பத்திரியில முதல்ல ரெண்டு கேள்வி கேப்பாங்க: கடைசியா நல்லா இருந்ததை யாரு, எத்தனை மணிக்குப் பாத்தாங்க, பிளட் தின்னர் கடைசியா எப்ப போட்டாங்க. ரெண்டையும் கிளம்பும்போதே ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துக்கோங்க.